சைலன்சர் சத்தத்திற்காகக் கன்வெர்ட்டரைக் கழற்ற வேண்டுமா?

கேள்வி: எங்களுடையது 2016-இல் வாங்கிய பெட்ரோல் கார். வீடு திருவான்மியூரில் கடற்கரைக்கு அருகில் இருக்கிறது. நாளொன்றுக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான் ஓட்டுகிறோம். சில வாரங்களாக ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முன்பக்கம் அடியிலிருந்து பெரிய சத்தம் வருகிறது. காலையில் புகைக்குழாயிலிருந்து தண்ணீரும் சொட்டுகிறது. கன்வெர்ட்டரோடு (புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் பாகம்) முழு செட்டையும் மாற்ற வேண்டும், அல்லது கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு நேர்க்குழாய் வைத்துச் செலவைக் குறைக்கலாம் என்கிறார் மெக்கானிக். எதைச் செய்வது?

பதில்: இரண்டையுமே இப்போதைக்குச் செய்யாதீர்கள். சத்தம் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதை உங்களுக்குக் காட்டாமலேயே விலை சொல்லப்பட்டிருக்கிறது.

தண்ணீர் சொட்டுவது பழுது அல்ல. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. நீங்கள் ஓட்டும் குறுகிய தூரத்திற்குள் பின் சைலன்சர் சூடேறுவதில்லை என்பதால், அந்த ஆவி குளிர்ந்து உள்ளேயே தேங்கி, புகையிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து தகட்டை உள்ளிருந்து அரிக்கிறது. வெளியே உப்புக்காற்று அதே வேலையைச் செய்கிறது. தேங்கும் நீர் வடிவதற்காகவே பல சைலன்சர்களின் அடியில் தயாரிப்பாளரே சிறு துளை விட்டிருப்பார். அதைக் காட்டி "ஓட்டை விழுந்துவிட்டது" என்று வெல்டிங் வைத்து அடைப்பவர்கள் உண்டு. அடைத்தால் சைலன்சர் இன்னும் விரைவில் துருப்பிடிக்கும்.

முன்பக்கச் சத்தத்திற்கு நான் முதலில் சந்தேகிப்பது பெல்லோஸ் எனப்படும், கம்பி வலை சுற்றிய நெகிழ்குழாயை. எஞ்சினின் அசைவைத் தாங்குவதுதான் அதன் வேலை. எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட் ரப்பர் தளர்ந்துவிட்டால் அசைவு அதிகமாகி வலை கிழியும். பெல்லோஸை மட்டும் வெட்டியெடுத்துப் புதியதை வெல்டிங் செய்துகொள்ளலாம். ஆனால் மவுண்டைப் பார்க்காமல் விட்டால் புதியதும் கிழிந்துவிடும். வெல்டிங்கிற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள்; இல்லையென்றால் சென்சாரும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவும் பழுதாகக்கூடும்.

காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, புகைக்குழாயின் வாயைத் தடித்த துணியால் சில நொடிகள் மூடச் சொல்லுங்கள். கசிவுள்ள இடத்தில் புஸ்ஸென்று காற்று பீறிடும்; அதைச் சுற்றிக் கரி படிந்திருப்பதையும் காணலாம். அந்த இடத்தை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே வேலைக்கு ஒப்புக்கொள்ளுங்கள். அதுவரை கண்ணாடிகளை இறக்கி ஓட்டுங்கள். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். முன்பக்கக் கசிவிலிருந்து கார்பன் மோனாக்சைடு காருக்குள் புகலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இனி கன்வெர்ட்டருக்கு வருகிறேன். அதன் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கானில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசப்பட்டிருக்கின்றன. பழைய கன்வெர்ட்டரை நல்ல விலைக்கு வாங்கத் தரகர்கள் காத்திருப்பதால்தான், நன்றாக இருப்பதைக்கூடக் கழற்றச் சிலர் அவசரப்படுகிறார்கள். உள்ளிருப்பதை இடித்துக் கொட்டிவிட்டு, வெற்றுக் கூட்டை மறுபடி பொருத்திக் கொடுப்பதும் நடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எந்த வேறுபாடும் தெரியாது. அந்தக் காரை ஓட்டுபவர்தான் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதத்திற்கோ மூன்று மாதம் வரை சிறைக்கோ உள்ளாக நேரிடும். கழற்றியவரைக் கேட்க ஆளில்லை. ஒழுங்காகப் புகைப் பரிசோதனை செய்தால் இந்த மோசடி அங்கேயே பிடிபட வேண்டும். ஆனால் சோதனைக் குழலைப் புகைக்குழாயில் செருகாமலேயே சான்றிதழ் அச்சிட்டுத் தரும் மையங்கள் இருக்கும்வரை, ஆண்டுதோறும் நாம் கட்டும் கட்டணத்திற்கு ஒரு தாள்தான் மிஞ்சுகிறது.

கன்வெர்ட்டர் உண்மையிலேயே செத்துப்போகும் நிலையும் உண்டு. குளிர்ந்த நிலையில் ரப்பர் சுத்தியால் தட்டினால் உள்ளே கலகலவென்று உடைந்த துண்டுகள் உருளும். அடைத்துக்கொண்டால் வண்டி மேம்பாலம் ஏறவே திணறும். காரின் கணினியில் பதிவான பழுதுகளைப் படிக்கும் ஸ்கேனரில், கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்பதைக் குறிக்கும் பி0420 என்ற குறியீடு வரலாம். ஆனால் அந்தக் குறியீடு மட்டுமே சாட்சியாகாது. ஆக்சிஜன் சென்சார் பழுதானாலும், அதற்கு அருகில் புகை கசிந்தாலும் அதே குறியீடு வரும். ஆகவே கசிவை அடைத்து, குறியீட்டை அழித்து, சில நாட்கள் ஓட்டிவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும். அப்போதும் வந்தால், சென்சார்களைச் சோதித்த பிறகே மாற்றுவதைப் பற்றிப் பேசலாம். மாற்றுவதற்கு முன் அது ஏன் செத்தது என்றும் கேளுங்கள். ஸ்பார்க் பிளக்கோ, அதற்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலோ சரியில்லாமல் எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்தால் பீங்கான் உருகிவிடும். அந்தக் காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் புதிய கன்வெர்ட்டருக்கும் அதே கதிதான்.

மெக்கானிக்கிடம் ஒவ்வொரு பாகத்திற்கும் தனித்தனி விலை எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகம் எதுவானாலும் உங்கள் டிக்கியில் வைக்கச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் காரை விட வேண்டாம். பழுது சரியான பிறகு வாரம் ஒருமுறை ராஜீவ் காந்தி சாலையில் அரை மணி நேரம் சீராக ஓட்டி வாருங்கள்; சைலன்சர் முழுதும் சூடாகி, தேங்கிய நீர் ஆவியாகிவிடும்.