வராதே என்று சொன்ன அப்பா

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் கியூபாவின் பேஸ்பால் பிட்சர் (பந்து போடுபவர்) லூயிஸ் தியான்டை 'ஊரைப் பறிகொடுத்தவர்' என்று எழுதியிருந்தீர்கள். எத்தனையோ கியூபப் பிட்சர்கள் டாலருக்காகத் தப்பி அமெரிக்கா போயிருக்கிறார்கள். இவரும் அவர்களில் ஒருவர்தானே? பெரும் ஆட்டக்காரர்களுக்கான கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில்கூட இடம் கிடைக்காதவருக்காக இவ்வளவு உருக வேண்டுமா?

ரா.கு.

அன்புள்ள ரா.கு.,

தியான்ட் தப்பிப் போகவில்லை. 1959இல் மெக்சிகோ சிட்டி டைகர்ஸ் அணிக்கு ஆடப் போனார். சீசன் முடிந்தால் ஊர் திரும்புவார். 1961இல் மெக்சிகோவில் கல்யாணம் செய்துகொண்டு, மனைவியோடு ஹவானா போக இருந்த நேரத்தில் அப்பாவிடமிருந்து தகவல் வந்தது: வராதே. கியூப அரசு அந்த வருடம் தொழில்முறை விளையாட்டையே ஒழித்துவிட்டது. ஊருக்குள் வந்தவன் மறுபடி வெளியே போக முடியாது என்பது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த அப்பா யார் என்று தெரிந்தால்தான் அந்தச் சொல்லின் கனம் புரியும். அவர் பெயரும் லூயிஸ் தியான்ட்தான். இடக்கைப் பிட்சர். கறுப்பர் என்பதால் அமெரிக்காவின் பெரிய லீக்குகளில் அவருக்கு இடமில்லை. கறுப்பர்களுக்கென்று தனியாக இருந்த நீக்ரோ லீக்கில் நியூயார்க் கியூபன்ஸ் அணிக்கு ஆடினார். 1947இல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின ஆட்டக்காரருக்காக அந்தக் கதவு திறந்தபோது அப்பாவுக்கு நாற்பது வயது. பிறகு ஊரில் பெட்ரோல் பங்கில் வேலை. மகனுக்கு இந்த ஆட்டமே வேண்டாம் என்று முதலில் தடுத்தவரும் அவர்தான். தடுத்த மனிதரே, ஆடப் போனவனைத் திரும்பி வராதே என்கிறார். ஒரே பிள்ளை. இதை டாலர் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

1964 ஜூலை 19, பெரிய லீக்கில் கிளீவ்லாந்து அணிக்காக மகனின் முதல் ஆட்டம். நியூயார்க் யாங்கீஸ் அணியின் பிட்சர் வைட்டி ஃபோர்டை எதிர்த்து நின்று, ஒரு ரன்கூடக் கொடுக்காமல் ஜெயித்தார். பேஸ்பாலில் ஆட்டத்தின் வெற்றி தோல்வியைப் பிட்சர் பெயரில் எழுதுவார்கள். 1968இல் இவர் பெயரில் 21 வெற்றி; 9 இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரியாகக் கொடுத்தது 1.60 ரன்தான். அதோடு இறங்குமுகம். குளிர்காலத்தில் எங்கும் ஆடாதே, தோளுக்கு ஓய்வு கொடு என்றது அணி. பிட்சர் நிற்கும் மேட்டின் உயரத்தையும் 15 அங்குலத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். 1969இல் 20 தோல்வி. 1970இல் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அப்போது அவர் ஆடிக்கொண்டிருந்த மினசோட்டா அணி மறு வருடம் அவரை வெளியே அனுப்பியது. வயது முப்பது. முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பாஸ்டன் ரெட் சாக்ஸில் அவர் எழுந்து வந்ததைத்தான் எனக்கு மறுபடி மறுபடி பார்க்கத் தோன்றுகிறது. பழைய வேகம் போய்விட்டது. பந்தைப் போடுமுன் உடம்பை முழுக்கத் திருப்பி, பேட்ஸ்மேனுக்கு முதுகைக் காட்டுவார். முகம் பின்னால் இருக்கும் சென்டர் ஃபீல்டைப் பார்க்கும், ஒரு கணம் வானத்தையும் பார்க்கும். திரும்பும்போது கை மேலிருந்து வருமா, பக்கவாட்டில் வருமா என்று யாராலும் சொல்ல முடியாது. 1968லேயே பழகிய பாணிதான் அது. வேகம் போனபின் அதுவே அவருக்குச் சோறு போட்டது. 1972இல் சராசரி 1.91, லீக்கிலேயே முதலிடம். அடுத்த நான்கு வருடங்களில் 20, 22, 18, 21 வெற்றிகள்.

இதற்கிடையில் 14 வருடம் அப்பாவைப் பார்க்கவில்லை. 1975இல் கியூபா போன அமெரிக்க செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன், தியான்டின் பெற்றோரை அனுப்பச் சொல்லி ஃபிடல் காஸ்ட்ரோவிடம் கேட்டார். ஆகஸ்டில் இருவரும் பாஸ்டன் வந்து இறங்கினார்கள். ஆகஸ்ட் 26 அன்று ரெட் சாக்ஸின் மைதானமான ஃபென்வே பார்க்கில் மரியாதைக்கு முதல் பந்தைப் போடப் பெரியவரை அழைத்தார்கள். கோட்டைக் கழற்றி மகன் கையில் கொடுத்துவிட்டு, மேட்டில் ஏறிப் பழைய பிட்சர் மாதிரியே கையைத் தூக்கிப் போட்டார். பந்து தாழ்ந்து போய்விட்டது. சம்பிரதாயப் பந்துதானே, யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனாலும் பந்தைத் திரும்பக் கேட்டு வாங்கினார். இரண்டாவது பந்து நேராக, பந்தைப் பிடிக்க எதிரே இருந்த கேட்சர் கைக்குள் போனது. பெரிய லீக் ஆட்டம் ஒன்றின் மேட்டில் நிற்க அவருக்கு 68 வயதாக வேண்டியிருந்தது. பக்கத்தில் கோட்டைப் பிடித்துக்கொண்டு மகன்.

அந்த அக்டோபரில் பெரிய லீக்குகளின் இறுதிப் போட்டியான உலகத் தொடர், சின்சினாட்டியுடன். முதல் ஆட்டத்தை 6-0 என்று தியான்ட் ஜெயித்தார். நான்காவது ஆட்டத்தில் 163 பந்துகள். நம் கிரிக்கெட் கணக்கில் 27 ஓவருக்கு மேல், ஒரே ஆள், ஒரே நாளில். 5-4 வெற்றி. தொடர் கைநழுவிப் போனது, ஆனால் அப்பா எல்லாவற்றையும் பார்த்தார். 1976 டிசம்பரில் அவர் இறந்தார். சில நாட்களில் அம்மாவும். இருவரையும் ஒரே நாளில் அடக்கம் செய்தார் தியான்ட். கியூப மண்ணை அவர் மறுபடி மிதித்தது 2007இல், 46 வருடம் கழித்து.

ஹால் ஆஃப் ஃபேம் பற்றிக் கேட்டீர்கள். அவருடைய காலத்துப் பிட்சரான கேட்ஃபிஷ் ஹன்டர் 224 வெற்றி, 166 தோல்வியோடு 1987இல் உள்ளே போனார். தியான்டுக்கு 229 வெற்றி, 172 தோல்வி. அடுத்த வருடம் அவருக்குக் கிடைத்தது 30.9 சதவீத வாக்கு, தேவை 75. அது நியாயமில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2024 அக்டோபர் 8 அன்று, 83 வயதில் இறந்தார். அந்த டிசம்பரில் அவர் பெயரை ஹால் ஆஃப் ஃபேம் குழு மறுபடி எடுத்துப் பார்த்தது. அப்போதும் இடம் கொடுக்கவில்லை.