“என்னையே சந்தேகப்படுகிறீர்களா?”

கேள்வி: குழந்தைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் தன்னார்வக் குழுவை ஒருங்கிணைக்கிறேன். இனி எல்லோரும் காவல்துறைச் சான்று தர வேண்டும் என்றதும், தொடக்கத்திலிருந்தே எங்களோடு இருக்கும் பெரியவர் ஒருவர், “என்னையே சந்தேகப்படுகிறீர்களா?” என்று வருந்துகிறார். அவருக்கு மட்டும் விலக்கு தரலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வேண்டாம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். குழந்தைகளைச் சீண்டுபவர்களில் பெரும்பாலோர் அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். பழகிய முகத்துக்கு விலக்கு என்றால், யாருக்காக இந்தச் சோதனையோ அவர்களே தப்பிவிடுவார்கள். முதலில் உங்கள் சான்றை வாங்கி அவரிடம் காட்டுங்கள். அப்புறம் பேசுங்கள், வருத்தம் பாதி குறையும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. சான்று வந்ததும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். இங்கிலாந்தின் சோஹம் ஊரில் 2002 ஆகஸ்டில் பத்து வயதுச் சிறுமிகள் இருவரைக் கொன்ற இயன் ஹன்ட்லி, ஒரு பள்ளியின் பராமரிப்பாளர். அவர்மேல் முன்பே பாலியல் புகார்கள் பல இருந்தன. எதிலும் தண்டனை இல்லை. வேலைக்கு விண்ணப்பித்தது நிக்சன் என்ற வேறு குடும்பப் பெயரில். ஹன்ட்லி என்ற பெயரில் யாரும் சரியாகத் தேடவில்லை. இதை ஆராய்ந்து 2004இல் வந்த பிச்சர்ட் விசாரணை அறிக்கையைப் படித்தால் மனம் பதறும்.

ஆகவே பழைய பெயர்கள், முன்பு குடியிருந்த முகவரிகள் எல்லாவற்றையும் கேளுங்கள். பரிந்துரைப்பவருக்கு நீங்களே போன் செய்யுங்கள். தன்னார்வலர்களைச் சேர்க்கும் பொறுப்பில் இருந்தபோது நான் தவறாமல் கேட்டது: “உங்கள் வீட்டுக் குழந்தையை இவரை நம்பி விடுவீர்களா?” பட்டென்று ‘ஆமாம்’ வராமல் பேச்சு சுற்றி வளைந்தால், இன்னொருவரிடமும் விசாரிப்பேன்.

எல்லா வேலைக்கும் ஒரே சல்லடை வேண்டியதில்லை. வண்டி ஓட்டுபவருக்கு உரிமமும் விபத்து விவரமும் முக்கியம். இளவயதில் ஒரு திருட்டு வழக்கில் சிக்கியவரை மரம் நடும் பணியிலிருந்து விலக்குவது அநியாயம். வந்த சான்றுகளை ஒருவரோ இருவரோ மட்டும் பார்த்துப் பூட்டி வையுங்கள்.

அந்தப் பெரியவரின் வகுப்பை இப்போதே நிறுத்த வேண்டாம். சான்று வரும்வரை இன்னொருவர் கூடவே இருக்கட்டும். வந்த பிறகும், எந்தப் பெரியவரும் மூடிய அறையில் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது என்பதை எல்லோருக்கும் பொதுவான விதியாக்குங்கள். அவர் சான்று தரக் கடைசிவரை மறுத்தால், குழந்தைகளோடு தொடர்பில்லாத பொறுப்பு ஒன்றைக் கொடுங்கள்.