குதிரை ஏறியே பழகாதவர்கள் கிர்கிஸ்தான் குதிரைப் பயணத்துக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. குடியாத்தத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். நானும் படிப்பை முடித்த என் மகளும் வருகிற ஜூலையில் கிர்கிஸ்தான் போகலாம் என்றிருக்கிறோம். ஐந்து நாள் குதிரையில் மலைப் பயணம், இரவில் கூடாரத்தில் தங்கல். இருவரும் இதுவரை குதிரை மேல் உட்கார்ந்ததே இல்லை. “புதியவர்களும் வரலாம்” என்கிறார்கள். நம்பிப் பணம் கட்டலாமா? என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்: போகலாம் அம்மா. ஆனால் ஐந்து நாள் வேண்டாம், மூன்று நாள் போதும். புதியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பயணங்களில் குதிரை பெரும்பாலும் நடைதான் போகும், மணிக்கு ஆறு கி.மீ. அளவில். பயப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் தினமும் நான்கைந்து மணி நேரம் சேணத்தில் இருக்க வேண்டும். ஆற்காட்டிலிருந்து வேலூர் சுமார் 25 கி.மீ. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது ஆங்கிலப் படை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப் படையோடு விரைந்து வந்த தூரம் அது. அவ்வளவு தூரத்தை நீங்கள் ஒரே நாளில் மலை ஏறி இறங்கிக் கடக்க வேண்டியிருக்கும். இரண்டாம் நாள் காலையில் தொடையின் உள்பக்கமும் முட்டியும் இடுப்பும் வலிக்கும். வேண்டாம் என்று இறங்கி வண்டி பிடிக்க வழியில் சாலை கிடையாது.

முதல் பயணத்துக்கு நான் சொல்வது சோங்கோல் ஏரி. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து கொச்கோர் என்ற ஊருக்குக் காரில் போய், கிஜார்ட் கிராமத்தில் குதிரை ஏறி, கணவாய் தாண்டி ஏரிக்கு இறங்கலாம். ஏரி இருப்பது 3,016 மீட்டர் உயரத்தில். நம் ஏலகிரி 1,100 மீட்டர்தான். அதனால் பிஷ்கெக்கிலிருந்து நேராக மேலே போகாமல், சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள கொச்கோரில் ஒரு இரவு தங்குங்கள். மேலே போனபின் தலைவலியும் வாந்தியும் கூடிக்கொண்டே போனால், கீழே இறங்குவதுதான் மருந்து. ரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் டிக்கெட் எடுக்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். மேய்ப்பர்களின் நாய்கள் நிறைய உண்டு. வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போடும் தடுப்பூசி பற்றியும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

பழக்கம் இல்லாமல் போகவே கூடாது. காட்பாடியிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயில் வசதி இருக்கிறது. இரண்டு ஊரிலும் குதிரையேற்றம் கற்றுத் தருகிறார்கள். ஓட்டப்பந்தயம் எல்லாம் வேண்டாம். ஏறுவது, இறங்குவது, நிறுத்துவது, திருப்புவது, ஏற்றத்தில் முன்னால் சாய்வது, இறக்கத்தில் பின்னால் சாய்வது, இவை வந்தால் போதும். இடையில் வாரம் ஒரு நாள் சோளிங்கர் மலையின் 1,305 படிகளை ஏறி இறங்குங்கள். கயிற்றுக் கார் பக்கம் போகாதீர்கள். தொடைக்கும் முட்டிக்கும் அதைவிட நல்ல பயிற்சி நம் பக்கத்தில் இல்லை.

வகுப்பில் ஒன்றைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். சேணத்தை இறுக்கும் வயிற்றுப் பட்டையைக் கட்டும்போது சில குதிரைகள் மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். பட்டை இறுக்கமாக இருப்பதுபோலத் தெரியும். பத்து நிமிடம் நடந்தபின் விரலை உள்ளே விட்டால் தாராளமாகப் போகும். அந்த நிலையில் ஒரு பக்கம் சாய்ந்தால் சேணத்தோடு சேர்ந்து நீங்களும் கீழே வருவீர்கள். கிளம்பிய சிறிது நேரத்தில் வழிகாட்டியை நிறுத்தச் சொல்லிப் பட்டையைத் திரும்ப இறுக்கச் சொல்லுங்கள், கூச்சமே வேண்டாம். அப்புறம், குதிரை மேல் உட்கார்ந்துகொண்டு பிளாஸ்டிக் மழைக்கோட்டை உதறி விரிக்காதீர்கள். அந்தச் சத்தத்துக்கே குதிரை மிரளும். இறங்கி நின்று போட்டுக்கொள்ளுங்கள்.

உடை விஷயத்தில் செருப்புதான் முக்கியம், அதாவது ஷூ. குதிகால் சற்று உயர்ந்து, அடிப்பாகம் வழவழப்பாக இருக்க வேண்டும். மலையேற்ற ஷூவின் தடித்த பற்கள் அங்கவடியில், அதாவது சேணத்தில் கால் வைக்கும் வளையத்தில், மாட்டிக்கொள்ளும். விழும்போது கால் மாட்டினால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். ஆம்பூர்ப் பக்கம் கணுக்கால் வரை வரும் தோல் ஷூ வாங்கி, இங்கேயே ஒரு மாதம் போட்டுப் பழகிவிடுங்கள். ஜீன்ஸின் உள்தையல் தொடையைக் கிழித்துவிடும். உள்பக்கத் தையல் இல்லாத கால்சட்டை வேண்டும், உங்கள் கடையிலேயே தைத்துவிடலாம். ஹெல்மெட் குதிரையேற்றத்துக்கென்று செய்ததாக இருக்கட்டும். ஸ்கூட்டர் ஹெல்மெட் கனம், கழுத்துக்கு ஆகாது. ஜூலையிலும் ஏரிக்கரையில் இரவு பூஜ்யம் டிகிரியைத் தொடும், சில நாள் பனியே விழும். வேலூர் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு அது கடும் குளிர். கம்பளி உள்ளாடையும் காற்று புகாத மேலாடையும் வேண்டும். பகலில் வெயில் தோலை உரிக்கும், முகத்துக்குக் களிம்பு மறக்காதீர்கள்.

தங்கப்போவது கம்பளி போர்த்திய வட்டக் கூடாரத்தில். கழிப்பறை வெளியே குழி, குளியல் கிடையாது. சாப்பாட்டில் ரொட்டி, வெண்ணெய், ஆட்டிறைச்சி. சைவம் என்றால் முன்பே சொல்லிவிட்டு, பருப்புப் பொடியும் தொக்கும் எடுத்துப்போங்கள். புளித்த குதிரைப்பாலான குமிஸ் தருவார்கள். அதில் சிறிது போதையும் உண்டு, முதல் நாளே வயிறு நிறையக் குடிக்க வேண்டாம்.

இந்தியர்களுக்கு மின்விசா உண்டு, அரசுத் தளத்திலேயே விண்ணப்பியுங்கள். காப்பீட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் சாகச விளையாட்டை விலக்கிவிடும். குதிரையேற்றமும் 3,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை போதாது. ஏற்பாட்டாளரிடம் எடை வரம்பு, ஹெல்மெட் தருவார்களா, சிக்னல் இல்லாத இடத்தில் உதவி கேட்க என்ன வழி, ரத்து செய்தால் பணம் திரும்புமா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

முன்பணம் கட்டும் முன் இருவரும் சில வகுப்புகளுக்குப் போய்ப் பாருங்கள். மகளுக்குப் பிடித்து, உங்கள் முட்டி ஒத்துழைக்காவிட்டால், கோடையில் அதே ஏரிக்கு வண்டிப் பாதையும் திறந்திருக்கும். அவர் வழிகாட்டியோடு குதிரையில் வரட்டும், நீங்கள் காரில் போய்ச் சேர்ந்து ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் மட்டும் குதிரை ஏறலாம். அப்படிப் பிரித்து ஏற்பாடு செய்து தருவார்களா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.