டக்காரில் நொய்க்குத்தான் மவுசு

மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் செனகல் நாட்டின் தலைநகர் டக்காரில் 2003 முதல் 2012 வரை ஒன்பது வருடம் குடியிருந்தேன். உரத்துக்குத் தேவையான பாஸ்பாரிக் அமிலம் தயாரிக்கும் ஆலையில் என் கணவருக்கு வேலை. போன இதழில் இதைச் சொல்லியிருந்ததைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அங்கே சோறு கிடைத்ததா? என்ன சாப்பிட்டீர்கள்? (வாசகி, திருவாரூர்)

மதியம் சோறு வடிக்காத வீட்டை டக்காரில் நான் பார்த்தது அபூர்வம். அவர்களுடைய தேசிய உணவே மீன்சோறுதான். 'செபுஜென்' என்பார்கள். வொலோஃப் மொழியில் செப் என்றால் அரிசி, ஜென் என்றால் மீன்.

தூத்துக்குடிக்காரியான எனக்கு மீன் புதிதில்லை. ஆனால் அரிசி வாங்கப் போன முதல் நாளே திகைத்துப் போனேன். கடையில் மூட்டை மூட்டையாக நொய். முழு அரிசி ஓர் ஓரமாகக் கிடந்தது. நம் ஊரில் கஞ்சிக்கோ கோழிக்கோ போகிற நொய்யை அங்கே விருந்துக்கு வாங்குகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் இந்தோசீனாவிலிருந்து நொய்யைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மலிவான சரக்காக வந்தது, நாக்குக்குப் பழகி, பிறகு நொய் இல்லாவிட்டால் செபுஜென் இல்லை என்றாகிவிட்டது.

பக்கத்து வீட்டு அம்மாதான் எனக்குச் செய்யக் கற்றுக்கொடுத்தார். பார்ஸ்லி இலை, பூண்டு, மிளகாய் மூன்றையும் இடித்து, மீன் துண்டைக் கீறி உள்ளே திணிக்க வேண்டும். அதை எண்ணெயில் பொரித்தெடுத்து, அதே எண்ணெயில் தக்காளி விழுதை நன்றாக வதக்கித் தண்ணீர் ஊற்றி, முட்டைக்கோஸ், கேரட், மரவள்ளி, கத்தரிக்காய் எல்லாம் பெரிய பெரிய துண்டாகப் போட்டு வேகவிடுவார். வாசனைக்கு ஒரு துண்டு கருவாடும் உண்டு. 'கெஜ்' என்று பெயர். பிறகு மீனையும் காயையும் எடுத்துவிட்டு, ஏற்கெனவே ஆவியில் பாதி வெந்த நொய்யை அந்தச் சாற்றில் கொட்டுவார். சாறு முழுவதையும் நொய் குடித்துவிடும். முழு அரிசி அப்படிக் குடிக்காது என்பது அவர் சொன்ன காரணம். செய்து பார்த்தேன், சரிதான்.

பாய் விரித்து, நடுவில் பெரிய தாம்பாளம் வைத்து, சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே சாப்பிடுவார்கள். வலது கைதான். அவரவர் பக்கத்தில் இருப்பதை மட்டும் தொட வேண்டும், குறுக்கே கை நீட்டக் கூடாது. வீட்டு அம்மா நடுவிலுள்ள மீனைப் பிய்த்துப் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் தள்ளிக்கொண்டே இருப்பார். அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டித் தனியாக வைப்பார்கள். அதற்குப் பிள்ளைகளுக்குள் சண்டையே நடக்கும்.

2021இல் இந்தச் சமையலை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அடுத்த வருடம் செப்டம்பரில் இந்தியா நொய் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. செனகலுக்கு நொய் அனுப்பும் நாடுகளில் இந்தியாவும் முக்கியமானது. அன்று தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்ததும் எனக்கு அந்த அம்மாவின் அடுப்படிதான் நினைவுக்கு வந்தது.

டக்கார் என்ற பெயருக்கு என்ன பொருள்? (வாசகர், தேனி)

ஊரில் கேட்டால் புளியமரம் என்பார்கள். வொலோஃபில் புளிக்கு 'தக்கார்' என்று பெயர். வேறு விளக்கங்களும் உண்டு, ஆனால் எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. நம் புளியமரத்துக்கு ஆப்பிரிக்காதான் பூர்வீகம். அங்கிருந்து வந்த மரம்தான் நம் குழம்பை இத்தனை காலமாகப் புளிக்க வைக்கிறது.

வரைபடத்தில் செனகலின் வயிற்றுக்குள் காம்பியா என்று இன்னொரு நாடு நீளமாகக் கிடக்கிறதே, ஏன்? (பள்ளி ஆசிரியர், விருதுநகர்)

காம்பியா ஆற்றின் முகத்துவாரம் ஆங்கிலேயர் கையில், சுற்றியுள்ள நிலம் பிரெஞ்சுக்காரர் கையில். 1889இல் இருவரும் பேசி, ஆற்றின் இரு கரையிலும் சுமார் 10 கிலோமீட்டர் ஆங்கிலேயருக்கு என்று கோடு போட்டார்கள். அந்தக் கோட்டின் இரு பக்கமும் ஒரே மொழி பேசும் ஒரே குடும்பத்தினர் இருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. 1982இல் இரண்டு நாடுகளும் கூட்டமைப்பாகச் சேர்ந்து பார்த்தன. 1989இல் பிரிந்துவிட்டன.

இதனால் தெற்கே இருக்கும் காசமான்ஸ் பகுதி தலைநகரிலிருந்து துண்டாகிக் கிடக்கிறது. எங்கள் தெருவில் மாம்பழம் விற்ற பெண்ணுக்கு அங்குள்ள சீகான்ஷோர்தான் ஊர். சாலையில் போனால் இரண்டு எல்லைச் சாவடி, நடுவில் ஆறு, ஆற்றைக் கடக்கப் படகுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. லாரிகள் நாள் கணக்கில் நிற்கும். அதனால் பலரும் கப்பலில் போனார்கள். 2002 செப்டம்பர் 26 இரவு, ஜூலா என்ற அந்தக் கப்பல் காம்பியா கடற்கரைக்கு அப்பால் கவிழ்ந்தது. 600 பேருக்கும் குறைவானவர்கள் ஏற வேண்டிய கப்பலில் இறந்தவர்கள் மட்டுமே 1,800 பேருக்கு மேல். பிழைத்தவர்கள் 64 பேர். டைட்டானிக்கில் இறந்தவர்களை விட இது அதிகம், ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தப் பெண் கடைசிவரை கப்பல் ஏறவில்லை. ஆற்றங்கரையில் இரவு தங்கித்தான் ஊருக்குப் போவாள். 2019இல் அங்கே பாலம் திறந்துவிட்டார்கள்.

புதுச்சேரிக்கும் செனகலுக்கும் பழைய தொடர்பு உண்டாமே? (வாசகர், வில்லியனூர்)

உண்டு. இரண்டும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தவை என்பதோடு முடியவில்லை. புதுச்சேரிப் பக்கம் நெய்து அவுரியில் தோய்த்த கருநீலத் துணி 'கினே' என்ற பெயரில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் செனகலுக்குக் கப்பலேறியது. சேன்-லூயி நகரத்து வியாபாரிகள் அதைச் செனகல் ஆற்றுவழியே எடுத்துப் போய், மூர் மக்களிடம் கொடுத்து வேலம்பிசின் வாங்கினார்கள். ஐரோப்பாவில் துணிக்கு அச்சடிக்க அந்தப் பிசின் தேவைப்பட்டது. அந்த ஆற்றங்கரையில் நம் துணியே பணமாகப் புழங்கியது. சேன்-லூயிக்குப் போனபோது அந்தத் துறையில் கொஞ்ச நேரம் நின்றேன். யார் கை நெய்ததோ, யார் கை சாயம் தோய்த்ததோ.

தமிழுக்கும் ஆப்பிரிக்க மொழிகளுக்கும் உறவு என்று செனகல் அதிபரே சொன்னாராமே, உண்மையா? (கல்லூரி மாணவி, மதுரை)

சொன்னது உண்மை. முதல் அதிபர் லெயோபோல் செங்கோர் பெரிய கவிஞர். 1974இல் சென்னைக்கு வந்து கறுப்பினப் பண்பாட்டையும் திராவிடப் பண்பாட்டையும் சேர்த்துப் பேசினார். அவர் முயற்சியில் டக்கார் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய ஒரு பிரிவே தொடங்கி, இந்தியாவிலிருந்து மொழி அறிஞர்கள் போய் வேலை பார்த்தார்கள்.

உறவு நிரூபணமானதா என்றால், இல்லை. நாலு சொல் ஒன்றுபோல ஒலிப்பது போதாது. ஒலிகள் ஒழுங்காக, திரும்பத் திரும்பப் பொருந்தி வர வேண்டும். இலக்கணமும் இடிக்கிறது. வொலோஃபில் பெயர்ச்சொற்கள் பல வகுப்புகளாகப் பிரியும், தமிழின் திணை, பால் பிரிவு அதுபோன்றதல்ல. எனவே தேர்வில் "உறவு மொழிகள்" என்று எழுதிவிடாதே, அம்மா.

ஆனால் ஒன்று. பக்கத்து வீட்டு அம்மாவை எப்படிக் கூப்பிடுவது என்று அவர் மகளிடம் கேட்டேன். "யாய்" என்றாள். வொலோஃபில் அம்மாவுக்கு அதுதான் சொல். நம் சங்கப் பாடல்களிலும் 'என் தாய்' என்பதற்கு யாய்தான். தற்செயல் என்று தெரியும். தெரிந்தும் ஒன்பது வருடமும் அவரை நான் யாய் என்றுதான் கூப்பிட்டேன்.