காயத்தடுப்பு ஆய்வாளர் நாள் முழுக்க என்னதான் செய்வார்?

"பொதுச் சுகாதாரம் படிக்கிறேன். காயங்கள் பற்றிய நோய்ப்பரவியலில் வேலை எப்படி இருக்கும்? விபத்து தற்செயல்தானே, அதில் ஆராய என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். (நோய்ப்பரவியல் என்றால் நோயோ காயமோ யாருக்கு, எங்கே, ஏன் நேர்கிறது என்று ஆராயும் துறை.) இரண்டாவது கேள்வியை என் பெரியப்பாவும் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார். அவர் 'விதி' என்பார்.

உலகச் சாலைகளில் ஆண்டுக்குச் சுமார் 12 லட்சம் பேர் இறக்கிறார்கள். 5 முதல் 29 வயதுக்குட்பட்டோரின் மரணக் காரணங்களில் அதுதான் முதலிடம். எந்த வயதினர், எந்த நேரம், எந்த மாதிரிச் சாலை என்று முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிட முடிகிறது. அப்படிப்பட்ட ஒன்றைத் தற்செயல் என்று எழுத எனக்குக் கை வருவதில்லை.

வேலையின் பெரும்பகுதி மருத்துவமனைப் பதிவேடுகள்தான். எலும்பு எங்கே முறிந்தது என்பது துல்லியமாக இருக்கும். எப்படி என்ற கட்டத்தில் 'கீழே விழுந்தார்', அவ்வளவுதான். ஏணியிலிருந்தா, கட்டிலிலிருந்தா, மாடியிலிருந்தா? சர்வதேச நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் ஏணி வீழ்ச்சிக்கு டபிள்யூ 11 என்று தனிக் குறியீடே உண்டு. ஆனால் நான் பார்த்த பதிவுகளில் பாதிக்கு மேல் டபிள்யூ 19, அதாவது 'வகை குறிப்பிடப்படாத வீழ்ச்சி'. ஒருமுறை வீழ்ச்சிகள் இரட்டிப்பாகிவிட்டன என்று பரபரப்பாக ஓர் அறிக்கை எழுதினேன். பிறகுதான் தெரிந்தது, அந்த ஆண்டு பொறுப்பேற்ற புதிய எழுத்தர் காலியாகக் கிடந்த கட்டங்களை ஒழுங்காக நிரப்பியிருக்கிறார். அறிக்கையைத் திரும்பப் பெற்ற நாளை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

இத்துறையில் முதலில் படிக்க வேண்டியது வில்லியம் ஹாடன் வரைந்த அட்டவணை. மருத்துவரான அவர், 1966இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் முதல் தலைவரானார். மோதலுக்கு முன், மோதும்போது, மோதிய பின் என மூன்று வரிசைகள். மனிதர், வாகனம், சுற்றுச்சூழல் என எதிரே பத்திகள். பணம் கொடுப்பவர்கள் எல்லோரும் 'மனிதர், முன்' என்ற ஒரே கட்டத்துக்குத்தான் ஓடுகிறார்கள். சுவரொட்டி, உறுதிமொழி, ஊர்வலம். எனக்கு இதில் பொறுமை போய்விட்டது. நியூயார்க்கில் 1970களின் தொடக்கத்தில் குழந்தைகள் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தபோது, தாய்மாருக்கு அறிவுரை சொன்னதோடு நிறுத்திக்கொள்ளாமல் ஜன்னல் தடுப்புக் கம்பிகளை இலவசமாகக் கொடுத்தார்கள். பிராங்ஸ் பகுதியில் இரண்டே ஆண்டுகளில் வீழ்ச்சிகள் பாதியாகக் குறைந்தன. 1976இல் சிறு குழந்தைகள் உள்ள அடுக்ககங்களுக்குக் கம்பி கட்டாயமானது.

புள்ளியியலை நன்றாகப் படியுங்கள். பொறியாளர்களோடும் காவல்துறையினரோடும் பொறுமையாகப் பேசப் பழகுங்கள். மருத்துவர்களை விட அவர்களோடுதான் அதிகம் உட்கார வேண்டியிருக்கும். சம்பளம் சுமார்தான்.

சென்ற ஆண்டு பெரியப்பா இருட்டில் படியில் தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். செய்தி கேட்டதும் நான் முதலில் கேட்டது, "விளக்கின் சுவிட்ச் படிக்கு எந்தப் பக்கம் இருக்கிறது?" வலிக்கிறதா என்று கேட்கவில்லை என்று இன்னும் வருத்தப்படுகிறார். சுவிட்சை மட்டும் மாற்றிவிட்டார்.