ஒரே தைல மரத்தில் கட்டையும் எண்ணெயும் கிடைக்குமா?

தைல மரம் என்பது யூகலிப்டஸ். அது ஒரே மரம் அல்ல, ஆஸ்திரேலியப் பக்கத்து நூற்றுக்கணக்கான இனங்களுக்குப் பொதுப்பெயர். ஈரோடு, கரூர்ப் பக்கம் நம் காடுகளில் நிற்பது ஓர் இனம். ஊட்டியில் நீலகிரித் தைலம் தருவது வேறு இனம். கட்டையா எண்ணெயா என்பதை இந்த வித்தியாசம்தான் தீர்மானிக்கிறது.

எண்ணெய் இருப்பது இலையில். ஆரஞ்சுத் தோலை மடக்கி அழுத்தினால் சுருக்கென்று தெறிக்குமே, அதே மாதிரி நுண்ணிய எண்ணெய்ப் பைகள் இலை முழுக்க உண்டு. இலையைக் கொப்பரையில் அடைத்து நீராவி விட்டால் எண்ணெய் ஆவியோடு சேர்ந்து வெளியேறும். குளிர வைத்தால் தண்ணீருக்கு மேலே மிதக்கும். 100 கிலோ இலைக்கு ஏறக்குறைய 1 கிலோதான் தேறும். மருந்துக்கு வேண்டியது அதிலுள்ள சினியோல் என்ற வேதிப்பொருள். ஊட்டி மரத்து எண்ணெயில் அது நிறைய இருக்கிறது. 1843-இல் நீலகிரிக்கு வந்த அந்த இனத்துக்குக் குளிர்ந்த மலை வேண்டும்.

சமவெளி இனங்கள் வெயிலைத் தாங்கி மளமளவென்று உயரும். பள்ளிபாளையம், புகளூர் காகித ஆலைகளுக்கு 4, 5 ஆண்டில் வெட்டலாம். அப்புறம் அடிக்கட்டையே துளிர்த்துவிடும். நமக்குக் கட்டைதான் வருமானம் என்பேன். கிணற்றோரம் மட்டும் வைக்காதீர்கள், வேர் ஈரத்தை இழுத்துவிடும்.

ஊட்டிக் கன்றை வாங்கி வந்து கீழே நட்டால் அதே தைலம் கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். நம் வெயிலில் அந்த இனம் சரியாக வளராது.