அடிவாரத்திலேயே பெட்ரோலுக்கு மாறிவிடுங்கள்: கேஸ் கார் கேள்வி-பதில்

பெட்ரோல் லிட்டர் நூறைத் தொட்டதிலிருந்து பட்டறைக்கு வருபவர்கள் பாதிப் பேர் ‘காருக்குக் கேஸ் கிட் போடலாமா?’ என்ற ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். வந்த கடிதங்களும் அப்படித்தான். அதனால் இந்த முறை முழுக்க, பெட்ரோல் வண்டியைக் கேஸிலும் ஓட வைக்கும் இந்தக் கிட் பற்றியே.

சேலம் சூரமங்கலத்தில் வீடு, செவ்வாய்பேட்டையில் கடை. என்னுடைய 2014 மாடல் கார் மாதம் 600 கிலோமீட்டர்தான் ஓடும். எல்.பி.ஜி. கிட் போட 40,000 ரூபாய் கேட்கிறார்கள். போட்ட காசு எப்போது திரும்பும்?

பேப்பரும் பேனாவும் எடுங்கள். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், உங்கள் வண்டி ஊருக்குள் 15 கிலோமீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 67 காசு. ஆட்டோ கேஸ், அதாவது பங்கில் வண்டிகளுக்கு விற்கும் எல்.பி.ஜி., லிட்டர் 60 ரூபாய் என்று வையுங்கள். பெட்ரோலைவிட விலை நாற்பது சதவீதம் குறைவு என்று இங்கேதான் எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். ஆனால் ஒரு லிட்டர் கேஸில் உள்ள சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஐந்தில் ஒரு பங்காவது குறைவு. மைலேஜ் 12-க்கு இறங்கிவிடும். ஆக, கிலோமீட்டருக்கு 5 ரூபாய். மிச்சம் 1 ரூபாய் 67 காசு. நீங்கள் ஓட்டும் 600 கிலோமீட்டருக்கு மாதம் ஆயிரம் ரூபாய். 40,000 திரும்ப 40 மாதம்.

அதுவும் காகிதத்தில்தான். கேஸ் வண்டி முதலில் பெட்ரோலில்தான் ஸ்டார்ட் ஆகும். திரவமாக இருக்கும் கேஸை ஆவியாக்கும் ரெடியூசருக்கு இன்ஜின் கூலன்ட்டின் சூடு வேண்டும். அந்தச் சூடு ஏறிய பிறகுதான் சிஸ்டம் தானாகக் கேஸுக்கு மாறும். உங்கள் கடை போய்ச் சேரும் தூரத்தில் ஒரு நல்ல பகுதி பெட்ரோலிலேயே கழிந்துவிடும். இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் மறுபடியும் அதே கதை. கேஸ் ஃபில்டர் மாற்றுவது, இன்ஷூரன்ஸ் கூடுவது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை டேங்க் டெஸ்ட் எல்லாம் இதற்கு மேல். உங்கள் வண்டிக்கு 2029-ல் 15 வருடம் முடிகிறது. வேண்டாம், விட்டுவிடுங்கள். அந்தப் பணத்தில் நாலு டயரும் ஒரு பேட்டரியும் வாங்கிவிட்டு மீதியைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

இதே கிட்டை, தினமும் ஆத்தூர் போய் வருகிற ஒருவர் போட்டால் பேச்சே வேறு. மாதம் 2,500 கிலோமீட்டர், நாலாயிரத்துக்கு மேல் மிச்சம், பத்து மாதத்தில் கிட் காசு வந்துவிடும். மேலே நான் போட்ட விலைகளை எடுத்துவிட்டு உங்கள் பங்க் விலையைப் போட்டுப் பாருங்கள்.

ஏற்காட்டில் எஸ்டேட் வேலை. வாரம் இரண்டு தடவை சேலம் இறங்கி ஏறுகிறேன். கேஸ் போட்டால் வண்டி மலை ஏறாது என்கிறார்களே, நிஜமா அண்ணா?

ஏறும். ஆனால் முனகும்.

காரணம் இரண்டு. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே; ஏற்காடு 1,500 மீட்டர். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, சேலத்தில் இருப்பதைவிட எட்டில் ஒரு பங்கு குறைகிறது. இன்ஜினின் பலமும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எந்த வண்டிக்கும், பெட்ரோலோ கேஸோ, இது பொது. கேஸுக்கு மட்டும் உள்ள தொல்லை இன்னொன்று: அது ஆவியாக உள்ளே போவதால் காற்று போக வேண்டிய இடத்தில் கொஞ்சத்தைத் தானே அடைத்துக்கொள்கிறது. கேஸைக் காற்றோடு மொத்தமாகக் கலந்து அனுப்பும் பழைய மிக்சர் கிட்டில் இது நன்றாகத் தெரியும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் வைத்த சீக்வென்ஷியல் கிட்டில், டியூனிங் சரியாக இருந்தால் சமவெளியில் வித்தியாசமே தெரியாது. இருபது கொண்டை ஊசி வளைவில், நாலு பேரும் மிளகு மூட்டையும் ஏற்றிக்கொண்டு, எதிரே பஸ் வந்து வளைவில் நின்றுவிட்டு முதல் கியரில் நகர்த்தும்போது தெரியும். அதனால் என் யோசனை, அடிவாரத்திலேயே சுவிட்சைத் தட்டி பெட்ரோலுக்கு மாறிவிடுங்கள். மேலே போய் மாற்றிக்கொள்ளலாம். அப்புறம், மலையில் நிரப்பிக்கொள்ளலாம் என்று நம்பாமல் சேலத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

மலைக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில வருடம் முன்பு ஒரு மார்கழிக் காலை, எஸ்டேட் வண்டி ஒன்று பாதி வழியில் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பானட்டைத் தூக்கினால் ரெடியூசர் மேல் வெள்ளையாகப் பனி படர்ந்திருந்தது, ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்த மாதிரி. விரலால் சுரண்டினேன், நகத்தில் ஒட்டியது. திரவம் ஆவியாகும்போது சூட்டை இழுக்கும். கூலன்ட் வந்து அந்தச் சூட்டைத் தரவில்லை என்றால் உறைந்துவிடும். யாரோ கூலன்ட் மாற்றிவிட்டு ஹோஸில் நின்ற காற்றை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். கிட்டில் பழுதே இல்லை. காற்றை எடுத்து கூலன்ட் நிரப்பியதும் வண்டி ஓடியது. கூலன்ட் அளவை வாரம் ஒருமுறை பாருங்கள், இன்ஜின் ஆறின பிறகு.

வீட்டு சிலிண்டரில் இருந்து காருக்கு ஏற்றித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். பாதி விலைதான். செய்யலாமா?

கூடாது. அது குற்றம், சிலிண்டரைப் பறிமுதல் செய்து வழக்குப் போடுவார்கள். அதைவிடப் பெரிய விஷயம், பங்கில் நிரப்பும்போது நழுவாமல் கசியாமல் பிடிக்கும் நாசில் இருக்கிறது. சந்துக்குள் மோட்டாரும் ரப்பர் குழாயும் வைத்து ஏற்றுபவரிடம் என்ன இருக்கிறது? வண்டி டேங்க் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பக் கூடாது. மீதி இருபது, வெயிலில் திரவம் விரிய விட்ட இடம். சித்திரை மாதத்துச் சேலம் வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிட் போட்டுவிட்டேன். ஆர்.சி.யில் ஏற்ற வேண்டுமா? போடாமல் ஓட்டுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்களே.

இருக்கிறார்கள், விபத்து நடக்கும் வரை. எரிபொருள் மாற்றம் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் வருகிற மாற்றம். ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். கிட் அரசு அங்கீகரித்த சோதனை மையத்தில் தேறியதா, அந்த அனுமதி உங்கள் வண்டிக்குப் பொருந்துகிறதா என்று பேப்பரைக் கையில் வாங்கிப் பாருங்கள். புது மாசு விதிப்படி வந்த பி.எஸ். 6 வண்டிகளுக்குக் கிட் போட 2022-ல்தான் விதி வந்தது. பழைய அனுமதிக் காகிதத்தைக் காட்டி உங்கள் புது வண்டியில் போட்டுவிடுவார்கள், கவனம். வாரண்டி இருக்கும் வண்டியில் வெளியே கிட் போட்டால், நாளைக்கு இன்ஜின் பிரச்சினை வரும்போது கம்பெனி கையை விரிக்கும்.

இன்ஷூரன்ஸ் பெரிய செலவில்லை. கிட் மதிப்பில் 4 சதவீதம், மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 60 ரூபாய் என்பதுதான் வழக்கமான கணக்கு. சொல்லாமல் விட்டால் க்ளெய்ம் வரும்போது அது பெரிய செலவு.

சார், காலையில் ஷெட்டைத் திறந்தால் லேசாக கேஸ் வாடை வருகிறது. வீட்டுக்காரர் ஏதும் இல்லை என்கிறார். நான் பயப்படுவது சரியா?

நீங்கள்தான் சரி, அம்மா. எல்.பி.ஜி.க்குத் தானாக வாசனை கிடையாது; கசிவு தெரிய வேண்டும் என்றே மெர்காப்டன் கலக்கிறார்கள். காற்றைவிடக் கனமானதால் மேலே போகாமல் தரையில் தேங்கும். வாடை வந்தால் லைட் சுவிட்சையும் தொடாதீர்கள், சாவியையும் திருப்பாதீர்கள். கதவைத் திறந்து வைத்து, வண்டியைக் கையால் வெளியே தள்ளி, டேங்கில் உள்ள வால்வை மூடுங்கள். வாடை போன பிறகு சோப்புத் தண்ணீரைப் பழைய ஷேவிங் பிரஷ்ஷில் தொட்டு, இணைப்புகளில் தடவச் சொல்லுங்கள். குமிழ் வந்தால் அங்கேதான் கசிவு. தீக்குச்சி உரசிப் பார்த்த மெக்கானிக் ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்குப் புருவத்தோடு போனது.

கேஸில் ஓட்டினால் இன்ஜின் கெட்டுவிடுமா?

பாதி உண்மை. கேஸ் சுத்தமாக எரியும், ஆயில் கறுப்பாவது குறையும். அதைப் பார்த்து ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுபவர்கள்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். உண்மையான பிரச்சினை வால்வ் சீட், இன்ஜின் வால்வு மூடும்போது உட்காரும் இடம். கேஸ் உலர்ந்த எரிபொருள், சில இன்ஜின்களில் சீட் மெதுவாகத் தேயும். தேய்ந்தால் வால்வை அசைக்கும் டாப்பட்டின் சத்தம் கூடும் என்று நினைப்பீர்கள், நடப்பது தலைகீழ். வால்வுக்கும் டாப்பட்டுக்கும் உள்ள இடைவெளி குறைந்து சத்தம் அடங்கிவிடும். வண்டி திடீரென்று சாதுவாகி, காலையில் ஐடிலிங்கில் உதறினால் டாப்பட்டைப் பாருங்கள். கால் டேங்க் பெட்ரோல் எப்போதும் இருக்கட்டும். பெட்ரோல் பம்ப்பைக் குளிர வைப்பது அந்தப் பெட்ரோல்தான்.

எல்.பி.ஜி.யா சி.என்.ஜி.யா?

சி.என்.ஜி. என்பது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு. புது வண்டி என்றால் கம்பெனியே பொருத்தித் தரும் சி.என்.ஜி. பழைய வண்டி என்றால், சி.என்.ஜி. 200 பார் அழுத்தத்தில் இருப்பதால் சிலிண்டர் கனமானது, டிக்கி பாதி போய்விடும். எல்.பி.ஜி. டேங்க் லேசு, ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்திலேயே வட்டமாக உட்கார்ந்துவிடும், ஆனால் ஸ்டெப்னிக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். மலை ரோட்டில் ஸ்டெப்னி இல்லாமல் போகாதீர்கள். கிட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்கள் வழியில் உள்ள கேஸ் பங்குக்கு ஒரு சாயங்காலம் போய் நில்லுங்கள். வரிசையில் நிற்கும் ஆட்டோக்காரரிடம், மாதத்தில் எத்தனை நாள் ஸ்டாக் இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள்.